வாளி வண்டிக்குப் போட்ட தீர்மானங்கள்

ஆடிக் காற்று முப்பது நாள் விடாமல் அடித்து ஓய்ந்த மறுநாள் காலையில், எங்கள் ஊரான ஒட்டந்தேரிக்குக் கிழக்கே இருந்த செம்மணல் மேடு எழுந்து அரை மைல் தள்ளிப் போய் உட்கார்ந்திருந்தது, அது இருந்த இடத்தில் ஒரு பட்டாளத்து வண்டி நின்றது. மேடு இடம் மாறுவது தேரி என்று நாங்கள் சொல்லும் இந்தச் செம்மணல் காட்டில் வருஷா வருஷம் நடப்பதுதான். அதற்கு முன்பும் மணலுக்குள்ளிருந்து முதுமக்கள் தாழி வந்திருக்கிறது, ஒரு குதிரையின் எலும்புக்கூடு வந்திருக்கிறது, காணாமல் போன வட்டிக்கடைக்காரரின் குடை வந்திருக்கிறது. எனவே வண்டி வந்ததைப் பற்றி யாரும் வாயைப் பிளக்கவில்லை. வண்டியின் இருக்கையெல்லாம் மஞ்சள் மணலாகக் கிடந்ததுதான் எங்களுக்குக் கோபத்தை உண்டாக்கியது. எங்கள் மணல் ரத்தச் சிவப்பு, இது எந்த ஊர் மண், யாரைக் கேட்டு இங்கே கொண்டுவந்து கொட்டினார்கள் என்று அன்று மத்தியானம் வரைக்கும் சத்தம் போட்டோம்.

அடையாளம் சொன்னவர் அருமைநாயகம். அவர் பெரிய யுத்தத்தில் பட்டாளத்துக்குப் போய், லிபியா பாலைவனத்தில் ஜெர்மன்காரனிடம் பிடிபட்டு, அவன் நாட்டிலேயே இரண்டு வருஷம் கைதியாக இருந்து திரும்பியவர். மனைவி இல்லை, பிள்ளை இல்லை, சொல்வதற்கு ஒரே ஒரு கதை இருந்தது: தன்னையும் கூட இருந்த இருபத்திரண்டு பேரையும் பிடிக்க ஒரு மலை அளவு டாங்கி வந்தது என்பார். எங்களுக்கு அந்தக் கதை மனப்பாடம், டாங்கி மட்டும் ஒவ்வொரு பொங்கலுக்கும் கொஞ்சம் வளர்ந்துகொண்டே வந்தது.

"இது ஜெர்மன்காரன் வண்டில்லா! லிபியால தொலைஞ்சது இங்க வந்து முளைச்சிருக்கு. அடியில மணல் எல்லாம் ஒண்ணுதான போல" என்று சொல்லி, ஒரு மாட்டைத் தட்டுவது போல அதைத் தட்டிக்கொடுத்தார். "உள்ள சீட்டு வாளி மாதிரி குழிவா இருக்கும். அதனால அவனுவளும் வாளி வண்டின்னுதான் சொல்லுவானுவ. எஞ்சின் பின்னாடி. தண்ணியே ஊத்த வேண்டாம், காத்துலயே ஆறிக்கிடும்."

தண்ணீர் கேட்காத வண்டி என்றதும் எங்களுக்கு அதன் மேல் மரியாதை வந்தது. எங்கள் ஊரில் தண்ணீர் கேட்காமல் இருந்தது அதுவரை பஞ்சாயத்து ஆபீஸ் கடிகாரம் ஒன்றுதான்.

அருமைநாயகம் இன்னொன்றும் சொன்னார். அவரைக் காவல் காத்த கிழட்டு ஜெர்மன்காரன் ஒருவன் சட்டைப்பைக்குள் ஒரு சிறு புத்தகம் வைத்திருந்தானாம். அதில் வாரா வாரம் ஒரு ஸ்டாம்பு வாங்கி ஒட்டி நிரப்பினால் ஒரு கார் கொடுப்பதாக அவர்கள் சர்க்கார் சொல்லியிருந்தது. அதன் பெயரே மக்கள் வண்டி. அதற்கென்றே தொழிற்சாலையும் கட்டினார்கள். அதற்குள் சண்டை வந்துவிட்டது, மேலேயிருந்து உத்தரவும் வந்தது, மக்கள் வண்டிக்குப் போட்ட எஞ்சினிலேயே பட்டாள வண்டி செய்தார்கள். பாலைவனத்துக்கு அகலச் சக்கரம், ஆற்றுக்குப் படகு, தண்டவாளத்துக்கு இரும்புச் சக்கரம், அதிகாரிக்குக் கூரை என்று உத்தரவுக்கு ஒரு உருவமாக அது மாறிக்கொண்டே இருந்தது. புத்தகத்தை நிரப்பிய குடிகளில் ஒருவனுக்கும் வண்டி வரவில்லை. அந்தக் காவல்காரன் தன் புத்தகத்தைக் கைதிகளிடம் காட்டி அழுவானாம்.

"மக்கள் வண்டின்னா, அது ஊர் மக்களுக்குத்தான" என்று நவமணி நர்ஸம்மா உடனே பிடித்துக்கொண்டார். எங்கள் ஊருக்கும் சுற்றியுள்ள நாலு ஊருக்கும் அவர் ஒருவர்தான் பிரசவம் பார்த்தார். சிக்கலான கேஸ் என்றால் ஒன்பது மைல் தள்ளி ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தாலுகா ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும், நடுவில் ஐந்து மைல் தேரி, மாட்டு வண்டிச் சக்கரம் அச்சு வரைக்கும் புதைந்துவிடும். "இது மணல்ல போற வண்டி. பிள்ளை பெறப் போறவளுவளுக்கு இத விட்டுருவோம். பூங்கனிக்கு அஞ்சு மாசம். கார்த்திகைல பேறுகாலம்."

பூங்கனி அங்கேதான் நின்றாள். அவள் புருஷன் பம்பாயில் பலசரக்குக் கடையில் இருந்தான். முந்தின வருஷம் தலைப்பிள்ளைக்கு வலி எடுத்து மாட்டு வண்டியில் போகும்போது, தேரியின் நட்ட நடுவில் சக்கரம் புதைந்து மூன்று மணி நேரம் கிடந்தாள். பிள்ளை கொடி சுற்றி இறந்து பிறந்தது. அதை அந்தச் சிவப்பு மணலிலேயே புதைத்துவிட்டுத் திரும்பி நடந்து வந்தவள் அவள், அன்றிலிருந்து யாருக்கும் பயப்படுவதை நிறுத்தியிருந்தாள்.

பஞ்சாயத்துத் தலைவர் லிங்கத்துரை தொண்டையைச் செருமினார். எதைச் சொன்னாலும் ஊர் கேட்கிற குரல் அது, ஏனென்றால் கேட்காதவனுக்கு வீட்டு மனைப் பட்டா வராது. "நர்ஸம்மா சொல்லுதது சரிதான். மக்கள் வண்டி மக்களுக்குத்தான் போகணும். எனக்கு மக்கள் ரெண்டு பேரு இருக்கானுவ."

அவருடைய மூத்த மகனும் இளைய மகனும் அதற்குள் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். தமிழுக்கு இப்படி ஒரு பொல்லாத வளம் இருப்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. அன்று சாயங்காலமே, மக்கள் நலன் கருதி வண்டி மக்கள் வசம் ஒப்படைக்கப்படுகிறது என்று தீர்மானம் எழுதப்பட்டது, கையைத் தூக்கச் சொன்னார்கள், எல்லோரும் தூக்கினோம். எங்கள் ஊரில் கை என்பது தீர்மானத்துக்குத் தூக்கத்தான்.

ஆவணியில் நர்ஸம்மா ஒரு மனு கொடுத்தார். அவசரத்துக்காவது வண்டியைத் தர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தார். லிங்கத்துரை அதை மறுக்கவில்லை. அவர் எதையும் மறுத்ததே கிடையாது, திருத்துவார். "அவசரத்துக்குப் போற வண்டின்னா வழி விடச் சத்தம் வேண்டாமா?" என்று கேட்டு, மக்கள் நலன் கருதி வண்டிக்கு ஒலி வேண்டும் என்று திருத்தி நிறைவேற்றினார். மறுநாள் காலையில் பார்த்தால் வண்டியின் முதுகில் ஒரு பெரிய சங்கு முளைத்திருந்தது. அதை ஊதினால் மூன்று ஊர்க் கோழிகள் அடைகாப்பதை விட்டுவிட்டு ஓடின. பழைய உத்தரவுப் பழக்கம், மேலேயிருந்து சொன்னால் மாறிக்கொள்ளும் என்று அருமைநாயகம் விளக்கினார். நாங்களும் தலையாட்டிவிட்டு, தலைவர் கிளம்புவதற்கு ஒரு ஊதல், திரும்புவதற்கு இரண்டு, வீட்டு வரிக்கு மூன்று என்று கணக்குப் பழகிக்கொண்டோம்.

புரட்டாசியில், மக்கள் நலன் கருதி ஊருக்கு ரயில் விட வேண்டும் என்று சர்க்காரைக் கேட்டு ஒரு தீர்மானம் போட்டார்கள். சர்க்கார் காதில் அது விழவில்லை, வண்டியின் காதில் விழுந்துவிட்டது. விடிந்தபோது அது ரப்பர்ச் சக்கரங்களை உதிர்த்துவிட்டு நாலு இரும்புச் சக்கரங்களில் நின்றது. பக்கத்துத் தண்டவாளம் பதினோரு மைலுக்கு அப்பால், எனவே அது முப்பது நாளும் நின்ற இடத்திலேயே நின்றது. ஆனாலும் ரயில் ரயில்தான் என்று நாங்கள் அதற்கு எதிரே ஒரு ரயில்வே கேட்டு போட்டு, காலையில் ஒரு தடவை மாலையில் ஒரு தடவை அதை அடைத்து, இரண்டு பக்கமும் சைக்கிளோடு பொறுமையாக நின்றோம். பச்சைக் கொடி காட்ட இளைய மகனுக்கு வேலை போட்டுக் கொடுத்தார்கள்.

"ஏழு மாசம் ஆவுது. ரயிலு எப்பம் கெளம்பும்?" என்று பூங்கனி வயிற்றைத் தாங்கிக்கொண்டு கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டாள். இளைய மகன் கொடியைப் பார்த்துக்கொண்டான், அவளைப் பார்க்கவில்லை.

ஐப்பசி பிறந்ததும் பெட்ரோல் இல்லை என்றார்கள். மக்கள் நலன் கருதி எரிபொருள் சிக்கனம் என்று தீர்மானம் போட்டதும், ரப்பர்ச் சக்கரம் திரும்பி வந்து, மூக்கில் ஒரு இரும்பு அடுப்பு முளைத்து, வண்டி விறகில் ஓட ஆரம்பித்தது. பெட்ரோல் தட்டுப்பாட்டில் ஜெர்மன்காரனும் இப்படித்தான் விறகுப் புகையில் ஓட்டினான் என்றார் அருமைநாயகம். அந்த அடுப்பு பதினெட்டுப் பனைகளைத் தின்றது. அதில் ஒன்றுகூட லிங்கத்துரையின் பனை இல்லை. மழை தொடங்கியதும், மக்கள் நலன் கருதித் தலைவர் நனையக் கூடாது என்று தீர்மானம் வந்தது, உடனே வண்டி உருண்டையாகக் கூரை போட்டு, கண்ணாடி ஏற்றி, கூரை மூடிய அதிகாரி வண்டியாகிவிட்டது. நாங்கள் மழையில் நின்று அதன் அழகைப் பார்த்தோம். உள்ளே தலைவர் ஒரு துளி நனையாமல் இருந்தார்.

நர்ஸம்மா ஒவ்வொரு தடவையும் மனு கொடுத்தார், ஒவ்வொரு மனுவும் வண்டியை ஒரு படி அவரிடமிருந்து தள்ளிக் கொண்டுபோனது. கடைசியாக எரிச்சலில் கலெக்டருக்கே எழுதப் போவதாகச் சொன்னார். அன்று மாலையே அவசரக் கூட்டம். மக்கள் நலன் கருதிப் பஞ்சாயத்துக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றார் லிங்கத்துரை. கையைத் தூக்கினோம்.

கார்த்திகை நாலாம் தேதி காலையில், பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால், ஓடைக்குப் போகும் பாதையை அடைத்துக்கொண்டு ஒரு டாங்கி நின்றது. மேலே ஒரு கோபுரம், கோபுரத்திலிருந்து நீண்ட பீரங்கி, பீரங்கியின் வாய் எங்கள் தெருவைப் பார்த்து. மகன்கள் இருவரும் கோபுரத்தின் மேல் உட்கார்ந்து காபி குடித்தார்கள். ஊர் முழுக்கச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தது.

அருமைநாயகம் வந்தார். நின்றார். அவர் கைகள் இரண்டும் தாமாகத் தலைக்கு மேல் போயின, பிறகுதான் அவருக்கே தெரிந்து கீழே இறக்கினார். "இதுதான். என்னப் பிடிச்சது இதேதான்" என்றார். மெதுவாகக் கிட்டப் போனவர், எதற்கோ அதன் பக்கவாட்டில் விரலை மடக்கித் தட்டினார்.

டொக் என்றது.

இன்னொரு தடவை தட்டினார். பலகை. பலகைக்கு மேல் சாம்பல் பெயின்ட். பீரங்கி, இழைத்து உருட்டிய ஒரு மரம். எல்லாவற்றுக்கும் உள்ளே, கீழே, அதே பழைய வாளி வண்டி. எதிரியை ஏமாற்ற ஜெர்மன்காரன் வாளி வண்டிக்குப் பலகைச் சட்டை மாட்டி டாங்கி என்று ஓட்டியிருக்கிறான். இருபத்து மூன்று பேர், கையில் துப்பாக்கியோடு, ஒரு தச்சு வேலையைப் பார்த்துக் கையைத் தூக்கியிருக்கிறார்கள். அவர் மணலில் உட்கார்ந்துவிட்டார். பல வருஷமாக ஊருக்குச் சொன்ன கதை அவர் வாயிலேயே இற்றுப் போனதைப் பார்த்து எங்களுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தோம். அந்தச் சிரிப்புக்காக இன்றுவரை நான் வெட்கப்படுகிறேன். ஏனென்றால் அன்று சாயங்காலமே, அது பலகை என்று ஊரில் நாய்க்குக்கூடத் தெரிந்த பிறகும், அதைக் கடக்கும்போது நாங்கள் செருப்பைக் கழற்றத்தான் செய்தோம். பலகை என்று தெரிந்தது சரி, அது யார் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதும் தெரிந்ததே.

பன்னிரண்டாம் தேதி விடிந்ததும் பூங்கனிக்கு வலி எடுத்தது. மூன்று நாளாக மழை. பத்து மாதம் காய்ந்து கிடக்கும் ஓடை கரை புரண்டு போய்க்கொண்டிருந்தது. நர்ஸம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், முகம் மாறிவிட்டது. பிள்ளை குறுக்காகக் கிடந்தது.

"ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும் பூங்கனி. இங்க என்னால முடியாது."

பூங்கனி ஒரு கையால் சுவரையும் ஒரு கையால் நர்ஸம்மாவையும் பிடித்துக்கொண்டு, மழையில் நடந்தே பஞ்சாயத்து ஆபீசுக்கு வந்தாள். பின்னால் ஊர் வந்தது. லிங்கத்துரை குடை பிடித்து வெளியே வந்தார்.

"வண்டியத் தாங்க அண்ணாச்சி" என்றார் நர்ஸம்மா.

"தாறதுல ஒண்ணும் இல்ல. நான் என்ன மாட்டேன்னா சொல்லுதேன்? ஆனா தீர்மானம் இல்லாம வண்டிய நகட்டினா நாளைக்கு ஒரு பேச்சு வரும். வெள்ளிக்கிழமை கூட்டம் இருக்கு. அதுல வச்சு..."

"தீர்மானந்தான வேணும்?" என்றாள் பூங்கனி. வலி ஒன்று வந்து, அவளை இரண்டாக மடித்து, போனது. நிமிர்ந்தாள். "இப்பமே போடுதேன். மக்கள் நலன் கருதி. எனக்கு ஒரு பிள்ளை மண்ணுக்குள்ள கெடக்கு. இந்தப் பிள்ளை பிழைக்கணும். அவ்வளவுதான் தீர்மானம். கையத் தூக்குங்க."

யாரும் தூக்கவில்லை. மழை பெய்தது. பீரங்கி எங்களைப் பார்த்தது. வருஷம் பூராவும் தூக்கித் தூக்கித் தேய்ந்த கைகள் எங்களுடையவை, அன்றைக்குப் பார்த்து அவை ஈயமாகக் கனத்தன.

அப்போது அருமைநாயகம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நேராகப் பீரங்கியின் வாய்க்கு முன்னால் போய் நின்று, அதன் மூக்கில் தட்டினார். டொக்.

"மூதி, உன்னப் பாத்துக் கையத் தூக்கி ரெண்டு வருஷம் கம்பி எண்ணுனேன்" என்று அதனிடம் சொன்னார். பிறகு பூங்கனியின் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார். "இன்னைக்கு உனக்குத் தூக்குதேன், எங்கம்மா."

நர்ஸம்மா தூக்கினார். நான் தூக்கினேன். பிறகு தேரி ஓரத்தில் பனை தொலைத்த பதினெட்டு வீட்டுக்காரர்களும் தூக்கினார்கள், சைக்கிளோடு கேட்டில் நின்றவர்கள் தூக்கினார்கள், கடைசியில் கோபுரத்தின் மேலிருந்த இளைய மகன் அப்பாவைப் பார்க்காமல் கையைத் தூக்கினான். மறுநாள் காலை வரைக்கும் வண்டி காத்திருக்கவில்லை. இளைய மகன் குதித்து இறங்குவதற்குள் பலகைகள் ஒவ்வொன்றாகக் கழன்று மழைத் தண்ணீரில் விழுந்தன, பீரங்கி கழன்று உருண்டது, உள்ளே இருந்த வாளி வண்டி மூச்சை இழுத்து அடிவயிற்றை உப்பிக்கொண்டு படகு வண்டியாக நின்றது, அதன் பின்பக்கம் மூன்று இதழ்களோடு ஒரு இரும்புக் காற்றாடி மடங்கித் தொங்கியது.

அருமைநாயகம் ஓட்டினார். பின்னால் நர்ஸம்மாவின் மடியில் பூங்கனி. ஐந்து மைல் தேரியையும் அது மண்டியிடாமல் கடந்து, ஓடைக்குள் இறங்கி, காற்றாடியை இறக்கிச் சுழற்றியது. முன் சக்கரத்தைத் திருப்பினால் தண்ணீரிலும் அதே பக்கம் திரும்பியது. வண்டியின் பக்கவாட்டில் தொற்றிக்கொண்டு வந்த நாங்கள் கொஞ்சம் பேர் கரையிலேயே குதித்து நின்று பார்த்தோம். ஓடையின் நடுவில், வண்டியை வெள்ளம் தூக்கிக் குலுக்கிய குலுக்கலில், குறுக்கே கிடந்த பிள்ளை திரும்பிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் பொறுக்கவில்லை. ஒரு அழுகைச் சத்தம் மழையைத் தாண்டி எங்கள் கரைக்கு வந்தது. பெண் பிள்ளை.

அந்தச் சத்தம் கேட்டதும் வண்டி கடைசியாக ஒரு தடவை மாறியது. காற்றாடி மறைந்தது. பட்டாளப் பெயின்ட் உதிர்ந்து, மழையில் கழுவிய கறுப்பு வந்தது. கூரை வந்தது, துணி தைத்த இருக்கை வந்தது, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு பூ மட்டும் வைக்கிற அளவுக்குச் சின்னக் கண்ணாடிச் சாடி வந்தது. யாரும் எந்தத் தீர்மானத்திலும் கேட்காத உருவம் அது. அந்தக் காவல்காரனுக்கும் அவனைப் போல ஸ்டாம்பு ஒட்டியவர்களுக்கும் வர வேண்டியிருந்த வண்டி, இவ்வளவு வருஷம் கழித்து, அது மட்டும் நீந்தாது என்ற ஒரே ஒரு குறையோடு, வெள்ளத்தின் நடுவில் வந்து சேர்ந்தது.

கதவுகள் இறுக்கமானவை என்பதால் கொஞ்ச நேரம் மிதந்தது. அந்தக் கொஞ்ச நேரம் போதுமாக இருந்தது. வெள்ளமே அதை அக்கரைச் சரிவில் தள்ளியது, சக்கரம் தரை தொட்டது, முழங்காலளவு தண்ணீரில் அருமைநாயகம் பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இறங்கினார், பின்னால் நர்ஸம்மாவும் பூங்கனியும் இறங்கினார்கள். வண்டி தன் வேலை முடிந்தது போல ஈர மணலுக்குள் மெல்ல அமிழ்ந்தது. எந்த ஊர் மேட்டுக்கு அடியில் அது அடுத்து நிற்குமோ தெரியாது. "ஏ காவல்காரா, உன் வண்டி வந்துட்டுடே" என்று அருமைநாயகம் மணலைப் பார்த்துக் கத்தினார், பிறகு பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரியிலிருந்து பத்தாம் நாள் ஊருக்குத் திரும்பினார்கள். அதற்குள் லிங்கத்துரை பலகைகளையெல்லாம் பொறுக்கி ஆபீசில் அடுக்கிவிட்டார், பீரங்கியை மட்டும் காணவில்லை. அது பூங்கனியின் வீட்டில் இருந்தது. நர்ஸம்மா அதைத் தூக்கிக்கொண்டு போய், இரண்டு சுவருக்கும் குறுக்கே மாட்டி, அதில் சேலையைக் கட்டித் தொட்டில் போட்டிருந்தார். நல்ல உருண்டையான மரம், சேலை வழுக்காமல் நின்றது.

மக்கள் நலன் கருதிப் பீரங்கியை மீட்பது என்று தை மாதக் கூட்டத்தில் தீர்மானம் போட்டார்கள். முதலில் இரண்டு மெம்பர்கள் போனார்கள், பிள்ளை தூங்குகிறது என்று பூங்கனி உதட்டில் விரல் வைத்தாள், திரும்பி வந்துவிட்டார்கள். மூத்த மகன் போனான், அவனும் திரும்பினான். கடைசியில் லிங்கத்துரையே போனார். வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். ஊரே கேட்கிற அந்தச் செருமலில் பிள்ளை விழித்துக்கொண்டு, ஆவணி மாதத்துச் சங்கைவிடப் பெரிதாக வீறிட்டது.

அடுப்படியிலிருந்து பூங்கனி எட்டிப் பார்த்தாள்.

"எழுப்பி விட்டுட்டு சும்மா நிக்கிய அண்ணாச்சி? கையத் தூக்குங்க. ஆட்டுங்க."

லிங்கத்துரை பீரங்கியைப் பார்த்தார். வாசலில் கூடி நின்ற எங்களைப் பார்த்தார். பிறகு குடையைச் சுவரில் சாத்திவிட்டு, இரண்டு கைகளையும் மெதுவாகத் தூக்கினார்.